குளிர்காலம் முழுவதும் வெளியே நிற்கப்போகும் 17 அடி ட்ரெய்லரை எதனால், எப்படி மூடுவது?

ஏஜாக்ஸ்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள ஏஜாக்ஸ் நகரிலிருந்து எழுதுகிறேன். இவ்வாண்டு மே மாதம் நாங்கள் காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே தங்கக்கூடிய, 17 அடி நீளமுள்ள பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கினோம். 2009ஆம் ஆண்டில் செய்யப்பட்ட வண்டி. அலுமினியத் தகட்டுச் சுவர், அதற்குள்ளே மரச் சட்டம், மேலே வெள்ளை ரப்பர் கூரை. கோடை முழுவதும் சாண்ட்பாங்ஸ், பொன் எக்கோ, அல்கொங்குவின் பூங்காக்கள் என்று பிள்ளைகளோடு போய்வந்தோம். ஒக்ரோபர் மாதத்து நன்றியறிதல் நாள் வார இறுதியோடு இவ்வாண்டுப் பயணங்களை முடித்துக்கொண்டு, அதை வீட்டுக் கராஜுக்குப் பக்கத்தில் சரளைக்கல் பரப்பிய இடத்தில் நிறுத்தப்போகிறோம். அங்கே நிறுத்தி வைக்க நகராட்சி விதி இடம் தருகிறதா என்பதைக் கேட்டு உறுதிசெய்துவிட்டேன். தண்ணீர்க் குழாய்களை வடித்து, இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் ஏற்றும் வேலையையும் ஒருவர் வந்து செய்து தருவதாக இருக்கிறார். எனவே என் கேள்வி மூடுவதைப் பற்றியது மட்டுமே.

பக்கத்து வீட்டுக்காரர் நீல நிறத் தறப்பாள் (தார்ப்பாய்) ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டால் போதும் என்கிறார். வண்டியை விற்றவரோ பத்து ஆண்டுகளாகத் தாம் எதனாலும் மூடியதில்லை என்றார். கடையில் கேட்டால், அளவுக்கேற்பத் தைத்த உறை இல்லாமல் ஒரு குளிர்காலத்தைக்கூடக் கடக்க முடியாது என்கிறார்கள். மூவரும் உறுதியாகவே சொல்வதால் எனக்குக் குழப்பம்தான் கூடியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டிலுக்கு மேலே உள்ள அலுமாரியைக் கடந்த வாரம் வெறுமையாக்கியபோது, அதன் பின்மூலையில் உள்ளங்கை அளவில் தேநீர் சிந்தியதுபோன்ற பழுப்புக் கறை ஒன்றைக் கண்டேன். தொட்டால் உலர்ந்துதான் இருக்கிறது. அது பழையதா, இந்தக் கோடையில் வந்ததா என்று தெரியவில்லை. மூடிவிட்டால் அது மேலும் பரவாமல் நிற்குமா? உறை வாங்குவதென்றால் 17 அடிக்கு உரியதைத்தான் வாங்க வேண்டுமா? உறைக்குக் கீழே சட்டம் ஏதும் வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மேப்பிள்நிழல் பதிலளிக்கிறார்:

வணக்கம் தம்பி. ஒன்பது குளிர்காலங்கள் ட்ரெய்லரை வெளியே நிறுத்தி வைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விகளில் மிக முக்கியமானதை நீங்கள் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கறையிலிருந்து தொடங்குங்கள். உறையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

உறை என்பது குடை அல்ல. நீர் புகாமல் காப்பது கூரையும் அதன் பொருத்துகளில் இடைவெளியை அடைக்கப் பூசப்பட்ட சீலன்ட் பசையும்தான். உறை செய்வதெல்லாம் பனியும் இலைக்குப்பையும் வெயிலும் கூரையை நேரடியாகத் தாக்காமல் தடுப்பதும், கீழே உள்ள ஈரத்தை ஆவியாக வெளியேற விடுவதும் மட்டுமே. ஒழுகும் கூரையை மூடி வைத்தால் ஒழுகுவது நிற்காது. நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். நம்முடைய தென் ஒன்ராறியோவில் கடுங்குளிரைக் காட்டிலும் அதிகக் கேட்டைச் செய்வது உறைவதும் உருகுவதும் மாறி மாறி வருவதே. பகலில் உருகிய நீர் ஒரு மயிரிழை வெடிப்புக்குள் இறங்குகிறது, இரவில் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுகிறது, வெடிப்பு அகலமாகிறது, மறுநாள் முன்னைவிட அதிக நீர் இறங்குகிறது. சனவரியில் மழை பெய்யும் வாரங்களில் இது பலமுறை நடந்துவிடும்.

ஆகவே வெப்பநிலை பத்துப் பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும் வறண்ட நாளொன்றில் ஏணியைச் சாத்தி, கூரையைப் பக்கத்திலிருந்தே பாருங்கள். காற்றுத் துவாரங்கள், குளிரூட்டி, குளிர்சாதனப் பெட்டியின் புகைபோக்கி, கழிவுக் குழாயின் மூடி ஆகியவற்றைச் சுற்றிப் பூசியிருக்கும் சீலன்ட் வெடித்திருக்கிறதா, ஓரம் கிளம்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முன்பக்கக் கூரையும் சுவரும் கூடும் மூலையில் அலுமினியப் பட்டியை இறுக்கியிருக்கும் திருகாணிகளையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் கறை கட்டிலுக்கு மேலே என்கிறீர்கள். கட்டில் முன்பக்கத்தில் இருந்தால் நான் முதலில் சந்தேகிப்பது அந்தப் பட்டியைத்தான். உள்ளே கறையுள்ள இடத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் பிழைத்தீர்கள். பஞ்சுபோல் உள்வாங்கினால் மரம் உக்கத் தொடங்கிவிட்டது. அதை இந்த ஆண்டே பிரித்துப் பார்க்க வேண்டும்.

பழுது பார்க்கும்போது ரப்பர் கூரைக்கென்றே விற்கப்படும், தானாகப் பரவி மட்டமாகும் சீலன்டை மட்டும் வாங்குங்கள். சாதாரணச் சிலிக்கோனைப் பூச வேண்டாம். அது ரப்பரில் சரியாகப் பிடிக்காது, பிறகு அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. பெற்றோலியக் கரைப்பான் கலந்த துப்புரவுத் திரவங்களும் அந்த ரப்பரை உப்பச் செய்துவிடும். சவர்க்கார நீரே போதுமானது.

இனித் தறப்பாள். என் முதலாவது குளிர்காலத்தில் நானும் நீலத் தறப்பாளைத்தான் கட்டினேன். காற்றுக்கு அசையக்கூடாது என்று நான்கு பக்கமும் இறுக்கி, சக்கரங்கள் வரை இழுத்துக் கட்டினேன். ஏப்ரலில் அவிழ்த்தபோது, தறப்பாளின் ஓரத்து உலோக வளையம் ஒவ்வொன்றும் பட்ட இடத்தில் சுவர்ப் பூச்சு பிறைவடிவில் தேய்ந்து, உள்ளே அலுமினியம் பளபளத்தது. அதைவிட மோசம் உட்புறம். கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கின் வாடை வந்தது. மெத்தையின் அடிப்புறம் முழுவதும் கரும்புள்ளிப் பூஞ்சணம். ஒரு துளியும் ஒழுகவில்லை. உள்ளே இருந்த ஈரமும் நிலத்திலிருந்து எழுந்த ஈரமும் வெளியே போக வழியில்லாமல், தறப்பாளின் உட்புறத்தில் வியர்த்து, மறுபடியும் சுவரிலேயே வழிந்திருக்கின்றன. இறுக்கிக் கட்டிய பிளாஸ்ரிக் தறப்பாளைவிட எதனாலும் மூடாமல் விடுவது எவ்வளவோ மேல் என்பது அன்று முதல் என் உறுதியான கருத்து. இந்த வகையில் உங்களுக்கு விற்றவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

வாங்குவதென்றால் பல அடுக்குப் பொலிபுரொப்பிலீன் துணியில் தைத்த, நீராவியை வெளியே விடும் உறையை வாங்குங்கள். பக்கங்களில் மடிப்பு மூடியுள்ள காற்றுத் துவாரங்கள் இருக்க வேண்டும். கதவுப் பக்கத்தில் இழுத்துத் திறக்கும் சிப் வைத்துத் தைத்திருந்தால், இடையிடையே உள்ளே போய்ப் பார்க்க முடியும். அது ஓர் அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

அளவில் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் 17 அடி என்பது பெரும்பாலும் இழுவைக் கொக்கியின் நுனியிலிருந்து கணக்கிட்டதாக இருக்கும். உறைக்கு வேண்டியது உடலின் நீளம். கொக்கியை விட்டுவிட்டு, பின்னால் மேலதிகச் சக்கரமோ ஏணியோ இருந்தால் அதையும் சேர்த்து, நாடாவால் அளந்து எடுங்கள். அளவு தளர்ந்த உறை காற்றில் படபடத்து அடிக்கும். துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் நான்கு மாதம் படபடத்தால் யன்னல் பிளாஸ்ரிக்கை மங்கச் செய்துவிடும்.

சிம்கோவிலிருந்து பதிலளிக்கிறார்:

வணக்கம். நான் பாரி நகருக்கு வடக்கே இருக்கிறேன். ஹியூரன் ஏரியின் பகுதியான ஜார்ஜியன் விரிகுடாவின் மேல் வீசும் காற்று ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் பக்கம் பனியாகக் கொட்டுவதால், ஏஜாக்ஸைக் காட்டிலும் எங்களுக்குப் பனிப்பொழிவு மிக அதிகம். எனவே பனியின் எடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மேலே ஐயா சொன்னபடி கொக்கியைக் கழித்து, உங்கள் வண்டியின் உடல் 14 அடி நீளம், ஏழரை அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், கூரையின் பரப்பு ஏறத்தாழ பத்து சதுர மீட்டர். இப்போதுதான் விழுந்த பஞ்சுப் பனி ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோ அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். சில நாள் படிந்து இறுகிய பனி இருநூறு கிலோவைத் தொடும். முப்பது சென்டிமீட்டர் இறுகிய பனி நின்றால் சதுர மீட்டருக்கு அறுபது கிலோ, கூரை முழுவதற்கும் அறுநூறு கிலோ. அதன்மேல் மழை பெய்து பனி அந்த நீரைக் குடித்துக்கொண்டால் ஒரு டன்னை நெருங்கிவிடும். சிறிய ட்ரெய்லரின் கூரை தட்டையானது. நடுவில் சற்றே தாழ்ந்தாலும் அங்கே நீர் குளமாக நிற்கும், நின்ற நீர் அந்த இடத்தை மேலும் தாழ்த்தும்.

உறை இந்த எடையைக் குறைப்பதில்லை. சொரசொரப்பான துணியின் மேல் பனி சில நேரம் வழுக்காமல் நின்றுவிடுவதும் உண்டு. எனவே உறை போட்டாலும் போடாவிட்டாலும் பனியை இறக்கியே ஆக வேண்டும். அதற்கு நுரைத்தலை பொருத்திய நீண்ட கூரைத் துடைப்பான் விற்கிறார்கள். தரையில் நின்றபடி இழுக்கலாம். உலோக மண்வெட்டியைக் கூரைக்குக் கொண்டுபோகாதீர்கள். பனி மூடிய கூரையில் ஏறவே ஏறாதீர்கள். கடைசி இரண்டு சென்டிமீட்டரைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள். நான் இருபது சென்டிமீட்டர் ஏறியதும் இறக்கிவிடுகிறேன். மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் அதற்கு முன்பே இறக்கிவிடுகிறேன்.

நிறுத்தும்போது முன்புற ஜாக்கைச் சுழற்றி மூக்கைச் சற்று உயர்த்தி வையுங்கள். வண்டியில் உறங்கப்போவதில்லை, மட்டமாக நிற்க வேண்டிய தேவை இல்லை. உருகும் நீர் பின்னோக்கி வடிந்து போகும். உங்கள் கறை முன்மூலையில்தான் என்றால் இது இருமடங்கு பயன் தரும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அளவாகத் தைத்த உறைக்குக் கீழே உயரமான சட்டம் வைத்தால் உறை கீழே வந்து சேராது, தையலும் விட்டுப்போகும். நான் செய்திருப்பது வேறு. உறை வாங்காமல், இரண்டுக்கு நான்கு அங்குலப் பலகைகளால் கூரையின் நடுவே ஒரு முகடு எழுப்பி, அதன் கால்களுக்கு அடியில் பழைய கம்பளத் துண்டுகளை வைத்து, தடித்த தார்ப்பாயை இருபுறமும் சரித்துக் கட்டுகிறேன். சுவர்களை மூடுவதே இல்லை. தார்ப்பாய் கூரை ஓரத்தைத் தாண்டி ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஓலைக் கூரையின் இறவாணம் போல. அடியில் காற்று தாராளமாக ஓடுவதால் வியர்ப்பதில்லை. சரிவு நன்றாக இருப்பதால் பனி பெரும்பாலும் தானே சறுக்கி விழுந்துவிடும். ஆக, தார்ப்பாயைக் கூரையின் மேல் படியவிட்டு இறுக்குவதில்தான் தீங்கு இருக்கிறது. தூக்கிக் கட்டினால் அதுவே நல்ல கூரை. ஆனால் கட்டவும் பிரிக்கவும் ஒரு முழு நாள் ஆகும், ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் கயிறுகளைப் பார்க்க வேண்டும். ஏஜாக்ஸில் பெய்யும் பனிக்கு, முதல் ஆண்டிலேயே இவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் எண்ணம். உறையே வாங்குங்கள்.

வெண்பனி பதிலளிக்கிறார்:

மேலே இருவரும் பெரும்பாலானவற்றைச் சொல்லிவிட்டார்கள். மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன்.

மெத்தைகளைப் படுக்க வைக்காமல் சுவரில் படாதபடி நிமிர்த்தி வையுங்கள். அலுமாரிக் கதவுகள் எல்லாம் திறந்தே இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவை ஒரு துவாயை மடித்து வைத்துச் சற்றே திறந்து விடுங்கள். கூரைத் துவாரத்துக்கு மேலே மழை மூடி பொருத்தியிருந்தால் துவாரத்தை ஒரு விரல் அளவு திறந்து வைக்கலாம். ஈரம் உறிஞ்சும் கல்சியம் குளோரைட் டப்பாக்களை வைப்பதானால், குசினித் தொட்டிக்குள்ளோ ஒரு பேசினுக்குள்ளோ வையுங்கள். அதில் சேரும் நீர் கவிழ்ந்தால் உலோகத்தை அரித்துவிடும். உறை போர்த்திய ட்ரெய்லருக்குள் உலர்த்துவதற்காக எரிவாயு அடுப்பையோ சூடேற்றியையோ ஒருபோதும் எரிக்க வேண்டாம். புகைபோக்கி அடைபட்டிருக்கும்; கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

சூரியத் தகடு இருந்தால் உறைக்குக் கீழே அது வேலை செய்யாது என்பதை எங்கள் வீட்டில் மறந்துவிட்டோம். எரிவாயுக் கசிவு உணரி சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருந்து, பற்றரி முழுவதும் இறங்கி, பெப்ரவரியில் உறைந்து வெடித்துவிட்டது. நன்றாக மின்னேற்றிய ஈயப் பற்றரி மறை ஐம்பது (-50) பாகையிலும் உறையாது. முழுவதும் இறங்கியதோ மறை பத்துப் பாகையை எட்டுவதற்கு முன்பே உறைந்துவிடும். கழற்றி எடுத்து, மின்னேற்றி, வீட்டில் வையுங்கள். எரிவாயுச் சிலிண்டர்களை மட்டும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுபோகக்கூடாது. வால்வைப் பூட்டி வெளியிலேயே நிமிர்த்தி வைக்க வேண்டும்.

அடுத்தது எலி. உறையின் கீழ்ப்பகுதி நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுண்டெலிக்கு அதுவே காற்றுப் படாத வீடாகிவிடும். சுண்டுவிரல் நுழையாத துளை வழியாகக்கூட அது உள்ளே வந்துவிடுகிறது. வண்டிக்கு அடியில் படுத்து, மின்கம்பியும் குழாயும் உள்ளே போகும் இடங்களைப் பார்த்து, செப்பு வலையால் அடைத்து அதன்மேல் சீலன்ட் பூசுங்கள். சாதாரண இரும்புக் கம்பளி துருப்பிடித்துக் கறை விடும். அரிசியோ பிஸ்கட்டோ மாவோ ஒரு கைப்பிடிகூட உள்ளே இருக்கக்கூடாது.

ஏஜாக்ஸ்வாசி எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று ஏணி வைத்துப் பார்த்தேன். மேப்பிள்நிழல் அண்ணா சொன்னது சரி. முன்மூலைப் பட்டியின் இரண்டு திருகாணிகள் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தன; அவற்றின்மேல் சீலன்ட் காய்ந்த சேற்றுநிலம்போல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. உள்ளே அழுத்திப் பார்த்தேன், மரம் கெட்டியாகவே இருக்கிறது. உடலின் நீளம் மேலதிகச் சக்கரத்தோடு சேர்த்து 14 அடி 3 அங்குலம். இந்த அளவுக்குரிய உறையைத் தேர்ந்துவிட்டேன். அதைப் போர்த்தும்போது கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

மேப்பிள்நிழல் பதிலளிக்கிறார்:

மரம் கெட்டியாக இருப்பது பெரும் ஆறுதல் தம்பி. அந்தத் திருகாணிகளைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றி, பட்டியின் ஓரத்தைப் புதிதாகப் பூசி, இரண்டு நாள் உலர விடுங்கள். பிறகு கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் திகதியை எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டிக் கறை வந்ததா இல்லையா என்பதை வைத்து, பூசியது பிடித்ததா என்று அறியலாம்.

போர்த்துவதற்கு முன் வண்டியைக் கழுவி, ஒரு முழு நாள் வெயிலில் உலர்த்துங்கள். துணிக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் மணல் அரத்தாள்போல் தேய்க்கும். கூரைத் தண்ணீர் வடியும் பிளாஸ்ரிக் மூக்குகள் நான்கு மூலையிலும் இருக்கும். புது உறைகள் முதலில் கிழிவது அங்கேதான். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் நுரைக் குழலை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நீளவாட்டில் பிளந்து, ஒவ்வொரு மூக்கிலும் மாட்டி ஒட்டும் ரேப்பால் (ஒட்டுநாடாவால்) சுற்றுங்கள். ரேப் உங்கள் சுவர்ப் பூச்சில் படாமல் நுரையை மட்டும் சுற்றட்டும். குளிரூட்டியின் கூரான விளிம்புக்கும், அன்ரெனாவுக்கும், யன்னல் வெய்யில்மறைப்பின் கைப்பிடிகளுக்கும் இதையே செய்யுங்கள்.

காற்றில்லாத நாளில் மூன்று பேராகச் செய்யுங்கள். உறையைக் கூரையின் மேல் வைத்து முன்னும் பின்னும் விரித்த பிறகே பக்கங்களை இறக்க வேண்டும். கீழ்வார்களை வண்டிக்கு அடியால் மறுபுறம் கொண்டுபோக, வாரின் நுனியில் ஒரு சிறு மணல்பையைக் கட்டி எறிந்தால் மண்ணில் தவழ வேண்டியதில்லை. வார்களை அச்சு, பிரேக் வயர், எரிவாயுக் குழாய் ஆகியவற்றில் படாமல் இழுத்துக் கட்டுங்கள். இறுக்கம், கையை நுழைத்தால் துணி சற்றே வழிவிடும் அளவுக்கு இருந்தால் சரி. முதல் பெருங்காற்றுக்குப் பிறகு வார்கள் கட்டாயம் தளரும். மறுநாளே போய் இன்னொரு முறை இழுத்துவிடுங்கள். உறையின் கீழ் ஓரத்துக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். எலிக்கும் இடமில்லை, காற்றும் ஓடும். ரயர்களைப் பலகைமேல் ஏற்றி நிறுத்தி, காற்று முழுவதும் நிரப்பி வையுங்கள்.

ஏஜாக்ஸ்வாசி எழுதுகிறார்:

சனவரி இறுதியில் மறுபடியும் எழுதுகிறேன். திருகாணிகளை மாற்றிப் பூசி, நன்றியறிதல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை உறை போர்த்தினோம். மூக்கை உயர்த்தி வைத்திருக்கிறேன். நுரைத் துடைப்பானால் இதுவரை நான்கு முறை பனி இறக்கியிருக்கிறேன். வடகிழக்கு மூலையில் நுரைக் குழல் நழுவி, அங்கே உறையில் ஒரு சிறிய கிழிசல், ஒட்டுத்துணி வைத்துவிட்டேன். மற்ற மூன்று மூலைகளும் நன்றாக இருக்கின்றன.

கடந்த வாரம் இரண்டு நாள் மழை பெய்து பனியெல்லாம் உருகியது. மறுநாள் காலையில் கதவுப் பக்கத்துச் சிப்பை இழுத்து உள்ளே போனேன். எந்த வாடையும் இல்லை. மெத்தையின் அடியைத் தடவினேன், உலர்ந்திருந்தது. கைவிளக்கை அலுமாரியின் பின்மூலைக்குப் பிடித்துப் பார்த்தேன். பென்சில் கோட்டுக்கு வெளியே பலகை பழைய நிறத்திலேயே இருக்கிறது.